ஆர்கன் பெஞ்சில் ஒருத்திதான் உட்கார முடியும்

மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். அந்த நேரத்தில் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது அவ்வளவுதான். பையில் சாவிக்கொத்து வந்தது, பழைய பஸ் டிக்கெட் வந்தது, மூன்றாம் வகுப்புப் பையன்களிடம் பிடுங்கி வைத்திருந்த கோலிக்குண்டுகூட வந்தது. கண்ணாடிதான் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பியூலா செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

கன்டோன்மென்ட்டில் இருக்கும் எங்கள் சர்ச்சின் பைப் ஆர்கன் பதினாறு வருஷம் ஊமையாகக் கிடந்து, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி, முதல்முதலாக முழுப் பாட்டு வாசித்துப் பார்க்க இருந்த சாயங்காலம் அது. வேலை செய்த டெஸ்மண்ட் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "யாராவது உட்கார்ந்து ஒரு பாட்டு வாசிங்க, காத்து நிக்குதான்னு பார்க்கணும்" என்றார். யாராவது என்றால் யார்? தமிழ் ஆராதனைக்குப் பதினாலு வருஷமாக வாசிக்கிறவள் நான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பியூலா கையை வைத்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, காலையும் வைத்தாள். இடது கால் பெருவிரல் ஒரு கட்டையைத் தொட, வலது குதிகால் இன்னொன்றைத் தொட, தரையெல்லாம் அதிர்ந்து அந்தக் கனத்த சத்தம் என் உள்ளங்கால் வழியாக ஏறியது. குனிந்துகூடப் பார்க்கவில்லை அவள். கால் தானாகப் போகிறது.

எனக்கு வயிறு எரிந்தது. மரியாதையாக வேறு எப்படியாவது எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. எரிந்தது, அவ்வளவுதான்.

கப்பலில் வந்தது

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றியும் என் மாமியாரைப் பற்றியும் எழுதினேன். "மிஸ், உங்கள் கதையில் எப்போதும் மற்றவர்கள்தான் தப்புச் செய்கிறார்கள்" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். சுருக்கென்றது. இந்த வாரம் அவருக்காக.

அந்த ஆர்கன் வெள்ளைக்காரன் காலத்தில் பெட்டி பெட்டியாகக் கப்பலில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்தது என்பார்கள். சின்ன ஆர்கன்தான். இருந்தாலும் பென்சில் அளவுக் குழலிலிருந்து, ஆள் உள்ளே நிற்கலாம் போன்ற மரக்குழல் வரைக்கும் சில நூறு குழல்கள். கையால் வாசிக்க இரண்டு வரிசைக் கட்டை. காலால் வாசிக்கக் கீழே ஒரு வரிசை, அதுதான் பெடல்.

கரண்ட் வருவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு ஆள் நின்று கைப்பிடியை ஏற்றி இறக்கித் துருத்தியில் காற்று அடிக்க வேண்டும். அல்சூரிலிருந்து வந்த ஒருத்தர் ரொம்பக் காலம் அடித்தாராம். அவர் கட்டிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு இதே சர்ச்சில் வேறொருத்தரோடு கல்யாணம். மணப்பெண் வாசலில் வந்து நிற்க, பாட்டு ஆரம்பிக்க, இவர் கைப்பிடியை விட்டுவிட்டார். ஆர்கன் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு நின்றுபோனது. ஒரு நிமிஷம் கழித்து அவரே மறுபடி அடித்தாராம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. டெஸ்மண்ட் பின்பலகையைக் கழற்றியபோது உள்ளே பென்சிலில் தமிழில் காற்று அடித்தவர்களின் பெயர்கள் நாலைந்து எழுதியிருந்தன. அதில் எது அவர் பேர் என்று சொல்ல யாரும் மிச்சமில்லை.

பிறகு மோட்டார் வந்தது. மோட்டார் வந்தால் கரண்ட் போகும். பாட்டு நடுவில் மூச்சு நின்று, சனங்கள் மட்டும் பாடிக்கொண்டு போவார்கள். எலி துருத்தித் தோலைத் தின்றது. கூரை ஒழுகியது. ஒரு நாள் யாரோ ஒரு துணியைப் போட்டு மூடினார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு வந்த கீபோர்டைத்தான் நான் வாசித்தேன்.

கீபோர்டுக்குக் கால் வேண்டாம். நான் யாரிடமும் போய்ப் படித்தவளும் இல்லை, காதால் கேட்டுக் கையால் பிடித்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் முதல் கட்டையைத் தொட்டால் முந்நூறு பேர் எழுந்து நிற்பார்கள். லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வகுப்பில் ஐம்பத்தைந்து பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிற ஒருத்திக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

கோளாறு நோட்டு

தொண்ணூற்றொன்றில் நடந்த காவிரிக் கலவரம் முடிந்து மூன்று, நாலு வருஷம் இருக்கும். ஆர்கனைச் சரிசெய்ய வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. ஆங்கில ஆராதனைக்காரர்களும் தமிழ்க்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

டெஸ்மண்ட் கோலார் தங்கவயல் ஆள். சுரங்கத்துப் பட்டறையில் மரவேலையும் ஃபிட்டர் வேலையும் பார்த்துவிட்டு, பிறகு ஊர் ஊராக ஆர்கன் வேலைக்குப் போனவர். ஆங்கிலோ இந்தியர், ஆனால் திட்டுவது முழுக்கத் தமிழில்தான். துருத்திக்கு ஆட்டுத்தோல் வாங்கச் சிவாஜி நகருக்கு நானும் போனேன். அவரும் தோல் கடை பாயும் தக்னி உருதுவில் ஒரு மணி நேரம் பேசி, தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஓட்டை இருந்தால் ஆர்கனுக்கு ஆஸ்துமா வரும் என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம். ஆர்கன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நூல் கட்டி ஒரு நோட்டுத் தொங்கும். வாசிக்கிறவர்கள் எந்தக் கட்டை ஒட்டுகிறது, எந்தக் குழல் இரைகிறது என்று அதில் எழுத வேண்டும். அவர் வந்ததும் முதலில் நோட்டைத்தான் படிப்பார். நோட்டில் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டு போகமாட்டார். "டாக்டர்கிட்ட வலிக்கிற இடத்தைச் சொல்லணும் மிஸ்" என்பார்.

சுதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே குழல்களுக்கு நடுவில், ஒருத்தர் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்க. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிவந்து உட்காருவேன். "அடுத்தது" என்பார், அடுத்த கட்டையை அழுத்துவேன். "அடுத்தது." ஒரு நாளைக்கு அந்த ஒரே வார்த்தைதான். அலுக்கவே இல்லை. அது என் ஆர்கன் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

பாளையங்கோட்டைப் பொண்ணு

அப்போதுதான் பியூலா வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கல்யாணமாகி வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பாளையங்கோட்டைப் பக்கம். அவள் அப்பா அங்கே ஒரு பெரிய கிறிஸ்தவக் கோவிலில் ஆர்கன் வாசித்தவர். கால் எட்டின நாளிலிருந்து பெடல் வாசித்திருக்கிறாள். இதை அவளாகச் சொல்லவில்லை, நான் முதலில் சொன்னேனே, அந்தச் சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

மறுநாளே தெரியாதவர்கள் யாரும் இல்லை. எங்கள் செக்ரெட்டரி என்னிடமே வந்து, ஆண்டவர் நமக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து விட்டார் பார்த்தீர்களா என்றார். அப்படியானால் பதினாலு வருஷம் என்னைக் கொண்டுவந்து விட்டது யார் என்று கேட்க வாய் வரை வந்தது.

சும்மா இருப்பேனா? பெடலின் அகலத்தை நாடா வைத்து அளந்து வந்தேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தரையில் சாக்பீஸால் முப்பது கோடு. மேஜைமேல் கை, கீழே கால். எங்கள் வீட்டுக்காரர் சாமுவேல் சோற்றுத் தட்டோடு சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மாசம் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கோட்டையும் மிதிப்பேன்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது போய் உட்கார்ந்தேன். நடுவில் சரியாக வந்தது. இடது பக்கம் போகப் போக ஒரு கட்டை தள்ளித் தள்ளி விழுகிறது. நாய் உறுமுகிற மாதிரி சத்தம். டெஸ்மண்ட் பின்னாலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். எப்படி அளந்தீங்க என்று கேட்டார். சொன்னேன். சட்டத்தின் இரண்டு பக்கப் பலகையையும் சேர்த்து அளந்துவிட்டு, அதை முப்பதால் வகுத்திருக்கிறேன். ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கொஞ்சம் அகலம். மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கட்டைகள் சரியில்லை, வழுக்குகிறது என்று நான்தான் என்னமோ சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆர்கனை மறுபடி சபைக்கு அர்ப்பணிக்கிற பிரதிஷ்டை ஆராதனைக்கு பியூலா வாசிப்பாள், ரூபி மிஸ், அதாவது நான், பக்கத்தில் நின்று பக்கம் புரட்டுவார் என்று கமிட்டியில் முடிவானது. அதற்குப் பிறகும் அவளே தொடர்ந்து வாசிக்கட்டும் என்று ஐயரும் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். எங்கள் சனங்கள் பாட்டில் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் இழுப்பார்கள், மூச்சு வாங்குவார்கள். நான் பதினாலு வருஷமும் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் காத்திருந்தாள். ஒத்திகையில் முதல் பாட்டிலேயே காத்திருந்தாள். கிழவிகள் எல்லாம், இன்றைக்குத்தான் மூச்சு விட்டுப் பாடினோம் என்றார்கள். நான் அங்கேதான் நிற்கிறேன், கையில் பாட்டுப் புத்தகத்தோடு.

வெள்ளிக்கிழமை

ஆகஸ்ட் மாசச் சாரல். மூன்று நாளாக விடாத தூறல். டெஸ்மண்ட் வீட்டில் ஏதோ விசேஷம் என்று கோலாருக்குப் போயிருந்தார், ஞாயிறு விடியக்காலை வந்து நோட்டைப் பார்த்துக் கடைசி வேலைகளை முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பியூலாவின் குழந்தைக்குச் சளி, அவள் வெள்ளிக்கிழமை வரவில்லை. எல்லாக் கட்டையையும் ஒரு தடவை சோதித்து எழுதிவைக்கும் வேலை என்னுடையது.

மேல்கட்டையில் ஒன்று ஒட்டியது. எழுதினேன். ஒரு குழல் சீறியது, அதையும் எழுதினேன். வெளிச்சம் போதவில்லை என்றுகூட எழுதினேன். பிறகு கையால் ஒவ்வொரு பெடலாக அழுத்திப் பார்த்தேன். இடது கோடியிலிருந்து மூன்றாவது கட்டை. சும்மா தொட்டால் சரியாக இருக்கிறது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு விட்டால், கட்டை மேலே வந்துவிடுகிறது, சத்தம் நிற்கவில்லை. உள்ளே எங்கேயோ மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது.

பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் பெடலிலிருந்து குழலுக்குப் போகும் மெல்லிய மரச்சட்டங்கள் வரிசையாகத் தெரியும். அந்தச் சட்டத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி மாட்டியது. மறுபடி சுண்டினேன், நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தேன்.

பென்சில் கையில் இருந்தது. நோட்டும் திறந்தே இருந்தது.

நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசகிக்கு உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பாட்டு முடியும்போது இடது கால் அந்தக் கட்டையில்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும், பக்கம் புரட்டுகிறவள் நான்தானே. நோட்டை மூடினேன்.

சனிக்கிழமை தரை கழுவ ஆள் வந்தார்கள், யாரையும் உள்ளே விடவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு டெஸ்மண்ட் நோட்டைப் பார்த்து, எழுதியிருந்ததை எல்லாம் சரிசெய்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையே மிஸ்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பிரதிஷ்டை

பிஷப் வந்திருந்தார். இரண்டு சபையும் சேர்ந்து உட்கார இடமில்லாமல் வராந்தா வரைக்கும் நாற்காலி. கரண்ட் போனால் என்ன செய்வது என்று டெஸ்மண்ட் வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். பியூலா வெள்ளைச் சேலை. உட்காருவதற்கு முன்னால் முந்தானையில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். வாசிக்க ஆரம்பித்ததும் பதற்றம் போய்விட்டது.

என்ன வாசிப்பு! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சொல்கிறேன், அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. நான் ஒரு இடத்தில் பக்கம் புரட்ட மறந்தேன், அவள் மனப்பாடமாகவே போய்விட்டாள்.

பாட்டு முடிந்தது. கையை எடுத்தாள், காலை எடுத்தாள். பிஷப் ஜெபத்துக்குக் கையை உயர்த்தினார். ஆர்கன் நிற்கவில்லை.

ஹூ... என்று அடித்தொண்டையில் ஒரே சத்தம். பிஷப் காத்திருந்தார். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் இன்னும் ஒரு சரணம் இருக்கிறது போல என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் குழல் வரிசைக்குப் போகிற காற்றையே மூடுகிற குமிழ் இன்னும் சரியாகாமல், திறந்தபடி கட்டி வைத்திருந்தது. பியூலா குனிந்து காலைப் பார்த்தாள், கட்டையை மிதித்தாள், இன்னொன்றை மிதித்தாள், இரண்டு சத்தமானது. முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

நான் போய்ச் சின்னக் கதவைத் திறந்து ஒரு சுண்டு சுண்டினேன். நின்றது.

சபை முழுக்க ஒரு பெருமூச்சு. ஜெபம் முடிந்ததும் பிஷப்பே என் பெயரைக் கேட்டார். ரூபி மிஸ் இல்லாவிட்டால் இன்றைக்கு மானம் போயிருக்கும் என்று செக்ரெட்டரி மைக்கில் சொன்னார். விருந்தாளிகளுக்கு வாங்கியதில் ஒரு பொன்னாடை மிச்சம் இருந்தது. அதை எனக்குப் போர்த்தச் சொல்லி அவளையே கூப்பிட்டார்கள். கண்ணெல்லாம் சிவந்து வந்து போர்த்தினாள். "மன்னிச்சிருங்கக்கா" என்று காதோரமாகச் சொன்னாள். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நல்ல சந்தோஷம்.

சொல்லிடுங்க மிஸ்

விருந்துக்கு நிற்காமல் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். டெஸ்மண்ட் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது, யார் வாசித்திருந்தாலும் மாட்டியிருக்கும் என்றார். இழைப்புளியால் நாலு இழை இழைத்தார், தீர்ந்தது. மறுநாள் கோலாருக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க மிஸ். அவங்க மேல தப்பு இல்லை."

சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். புதன்கிழமைக்குள் ஐயரிடம் அவளே போய், மேடையில் பதற்றத்தில் காலை அழுத்தி மிதித்து உடைத்துவிட்டேன், இனி வாசிக்கவில்லை, அக்காவே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஐயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கேட்டது கிடைத்த பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

ஏழெட்டு வருஷம் அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். பெடலில் நடுவில் இருக்கிற ஏழெட்டுக் கட்டைகளோடு குடும்பம் நடத்தினேன். பொறாமை போய்விட்டதா என்றால் அதுதான் இல்லை. மூன்றாவது வரிசையில் மகனை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாடுவாள். அவள் காத்திருந்த இடங்களில் நானும் காத்திருந்து பார்ப்பேன், எனக்கு வராது. பெஞ்சில் நான், பொறாமையும் எனக்கே.

வீட்டுப் பிரதிஷ்டை அழைப்பு

இரண்டாயிரம் பிறந்து இரண்டு, மூன்று வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் பியூலா வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை மாறியிருந்தது. ஹெப்பகோடியில் சின்னதாக வீடு கட்டிவிட்டார்கள். பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைக்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கார்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன்.

பேச்சுவாக்கில் சொன்னாள், அங்கே புதுசாக ஒரு சபை ஆரம்பித்திருக்கிறார்களாம். ஐம்பது குடும்பம், எல்லாம் ஃபேக்டரிக்காரர்கள். ஒரு கீபோர்டு இருக்கிறதாம், வாசிக்க ஆள் இல்லையாம்.

"என்னைத்தான் கேட்டாவ. எனக்கு வராதுன்னு சொல்லிட்டேன்க்கா."

கீபோர்டு! கையால் மட்டும் வாசிக்கிற கீபோர்டு. என் கையில் பாத்திரம் இருந்தது, கீழே வைத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, நோட்டு, மூன்று தடவை சுண்டிப் பார்த்தது, டெஸ்மண்ட் கேட்டது, அவர் சொல்லச் சொன்னது. எதையும் குறைக்கவில்லை. திட்டுவாள், எழுந்து போய்விடுவாள், ஊர் முழுக்கச் சொல்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அது என் கால் இல்லையாக்கா?"

"இல்லை பியூலா" என்றேன்.

அவள் அதையே இன்னொரு தடவை கேட்டாள்.